தசை வற்றும் நரம்பு நோய்க்கு அக்குபங்சர் பலன் தருமா?

கேள்வி (கோத்தகிரி):
58 வயதான என் தந்தை தேயிலைத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். ஓராண்டாக அவருடைய வலக்கைச் சதை வற்றிக்கொண்டே வந்து, இப்போது சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. கோயம்புத்தூரில் நரம்பியல் மருத்துவர் தசையின் மின்செயலை அளக்கும் ஈ.எம்.ஜி. சோதனை செய்து, இது ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய் என்று கூறி, ரிலுசோல் மாத்திரை கொடுத்திருக்கிறார். அக்குபங்சர் செய்யும் ஒருவரோ, மாத்திரையை நிறுத்திவிட்டு 40 முறை வந்து ஊசி போட்டுக்கொண்டால் வற்றிய சதை மீண்டும் வளரும் என்கிறார். அப்பா அதை முழுமையாக நம்புகிறார். நான் என்ன செய்வது?

மறுமொழி (உதகை, பிசியோதெரபிஸ்ட்):
மாத்திரையை நிறுத்த வேண்டாம். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள இயக்க நரம்பணுக்கள் மடிவதால்தான், அவற்றின் ஆணை கிடைக்காத தசை மெலிகிறது; தோலில் செருகும் ஊசி மடிந்த நரம்பணுவை உயிர்ப்பிக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிலுசோலும் நோயைக் குணமாக்குவதில்லை, ஆய்வுகளில் ஆயுளைச் சில மாதங்கள் நீட்டித்தது. அந்த மாதங்கள் உங்கள் தந்தைக்கு உரியவை. மாத்திரையை உட்கொள்ளும் காலம் முழுவதும் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

வலிக்கு ஆறுதலாக ஊசி போட்டுக்கொள்ள அவர் விரும்பினால், மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யட்டும். ஆனால் மெலிந்த தோளிலும் மார்பிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் துளைபடக்கூடும். மூச்சுத் தசையே தளரும் நோயில் அது பேராபத்து. இதே போலத் தோன்றினாலும் இம்யூனோகுளோபுலின் மருந்துக்குக் கட்டுப்படும் மல்டிஃபோகல் மோட்டார் நியூரோபதி என்ற வேறொரு நரம்பு நோய் அல்ல என்று உறுதிசெய்துவிட்டார்களா என்பதையும் கேளுங்கள்.

மறுமொழி (கூடலூர்):
என் அண்ணனுக்கும் இதே நோய். ஆறு மாதம் ஊசிக்காக அலைந்தோம். அதற்குள் அவருக்கு மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது, காலையில் தலைவலியோடு எழுந்தார், தண்ணீர் குடித்தால் புரையேறியது. எல்லாவற்றையும் மலைக்குளிர் என்றே நினைத்துவிட்டோம். பிறகு இரவில் மூச்சுவிட உதவும் பைபேப் கருவியின் முகமூடி பொருத்திய பின்தான் அவர் நிம்மதியாக உறங்கினார். ஊசிக்குச் செலவிடும் பணத்தை அந்தக் கருவிக்கும், மழைக்காலத்தில் மின்சாரம் போனால் அதை ஓட்டும் பேட்டரிக்கும் சேர்த்து வையுங்கள் தம்பி.

கேட்டவர்:
அண்ணா, அப்பா இரண்டு மாதமாகச் சாய்வு நாற்காலியில்தான் உறங்குகிறார். முதுகுவலி என்று எண்ணியிருந்தோம். அடுத்த மாதம் கோவை செல்லும்போது மூச்சுத்திறன் சோதனை செய்யச் சொல்கிறேன்.

மறுமொழி (உதகை, பிசியோதெரபிஸ்ட்):
அடுத்த மாதம் வரை காத்திருக்காதீர்கள். இன்றே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, அப்பா உட்கார்ந்தபடி உறங்குவதைச் சொல்லுங்கள். நாளைக்கே அழைத்துச் செல்லுங்கள்.