இலவசப் பயனரையும் விட மனமில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வேளச்சேரியில் வீட்டிலிருந்தபடியே நானும் தம்பியும் ஒரு வேர்ட்பிரஸ் பிளகின் (இணையதளம் கட்டும் வேர்ட்பிரஸ் மென்பொருளோடு சேர்க்கும் துணைநிரல்) நடத்துகிறோம். இலவசப் பதிப்பும் உண்டு, கட்டணப் பதிப்பும் உண்டு. வேர்ட்பிரஸ்.ஆர்க் உதவிப் பகுதியில் கட்டணப் பதிப்புக்குப் பதில் சொல்லக் கூடாது, பயனரின் அட்மின் பாஸ்வேர்டையும் கேட்கக் கூடாது. நியாயமான விதிதான்.

நேற்று இரவு புடவை விற்கும் ஒரு அக்கா, "செக்அவுட் பக்கம் வெறும் வெள்ளையா வருது தம்பி" என்று எழுதினார். வாங்குபவர் பணம் கட்டும் பக்கம் அது. வேர்ட்பிரஸ் ஓடும் பிஎச்பி மொழியின் பதிப்பு என்ன என்று கேட்டு, மற்ற பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்தச் சொல்லி, கோளாறைப் பிடிக்க மணி பன்னிரண்டு. பணம் கட்டிய மூன்று பேர் அதுவரை காத்திருந்தார்கள். காசு தராதவர் என்று அந்த அக்காவை ஒதுக்க மனம் வரவில்லை.

இரண்டையும் சமாளிப்பவர்கள் நேரத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள்? அப்புறம், தமிழில் பொறுமையாகப் பதில் எழுத பகுதிநேர ஆள் தெரிந்தால் சொல்லுங்கள்.