பிசிஆரில் மங்கலாக ஒரு பட்டை: இது தொற்றுதானா?

வணக்கம். ரெட்ரோவைரஸ் (தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி செல்லின் குரோமோசோமில் சேர்க்கும் வைரஸ்) வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். எக்ஸ்எம்ஆர்வி என்ற எலி வைரஸ் மனித நரம்பு செல்களைத் தொற்றுமா என்று பார்க்கிறேன். இந்த வைரஸை வெளியிடும் 22ஆர்வி1 என்ற புரோஸ்டேட் புற்றுநோய் செல்கள் வளர்ந்த ஊடகத்தை வடிகட்டி, எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் என்ற மனித நரம்புக் கட்டி செல்களில் விட்டேன். பெருகும் செல்களில் வைரஸ் டிஎன்ஏவுக்கான பிசிஆர் பட்டை பளிச்சென்று வருகிறது. ரெட்டினாயிக் அமிலம் கொடுத்து, பிரிவது நின்று நீளமாக இழை விட்ட செல்களில் மங்கலாக ஏதோ ஒன்று. அந்த மங்கல்தான் தலைவலி.

உள்ளே நுழைய எக்ஸ்பிஆர்1 ஏற்பி மனித செல்களில் இருக்கிறது, சரி. ஆனால் இந்த வகை வைரஸ் எச்ஐவி மாதிரி கிடையாது, செல் பிரியும்போது உட்கரு உறை கலைந்தால்தான் குரோமோசோமைத் தொட முடியும். அப்படியென்றால் நான் பார்ப்பது இன்னும் பிரிந்துகொண்டிருக்கும் நாலைந்து செல்களா, உட்கருவுக்கு வெளியே நின்றுபோன வைரஸ் டிஎன்ஏவா, இல்லை கலப்படமா? 2009இல் இதே வைரஸை நாட்பட்ட களைப்பு நோயோடு சேர்த்த கட்டுரை 2011இல் திரும்பப் பெறப்பட்டது, அதனால் கலப்படம் என்றாலே பயம்.

டிஎன்ஏ இல்லாமல் வெறும் தண்ணீர் வைத்து ஓட்டிய கன்ட்ரோல் சுத்தம். ஹாட்ஸ்டார்ட் என்சைமில் (சூடானால்தான் வேலை தொடங்கும் பிசிஆர் என்சைம்) இருக்கும் எலி ஆன்டிபாடி வழியாகவே எலி டிஎன்ஏ வரலாம் என்பதால், என்சைமை மாற்றி, எலி டிஎன்ஏ கலந்திருக்கிறதா என்று காட்டும் ஐஏபி பிசிஆர் ஓட்டப்போகிறேன். வைரஸ் டிஎன்ஏ உருவாவதைத் தடுக்கும் ஏஇசட்டி மருந்து கொடுத்த செல்களும், சூடாக்கிச் செயலிழக்கச் செய்த வைரஸும் கூடவே.

அப்புறம் என் கேள்வி: ரால்டெக்ராவிர் (வைரஸ் டிஎன்ஏ குரோமோசோமில் சேர்வதைத் தடுக்கும் மருந்து) சேர்த்து, ஆலு பிசிஆர் (மனித டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் ஆலு வரிசைக்கு அருகே சேர்ந்த வைரஸ் டிஎன்ஏவைத் தேடுவது) பார்த்தால் குரோமோசோமில் சேர்ந்ததா என்று தெளிவாகுமா? பிரியும் செல்களை முழுதாக ஒழிக்க, நரம்பு செல்களைக் கெடுக்காத அளவில் சைட்டோசின் அராபினோசைடு (பிரியும் செல்களைக் கொல்லும் மருந்து) எவ்வளவு விடுகிறீர்கள்?