லாஸ்பேட்டை ஓடுதளத்தில் ஸ்பிட்ஃபயர் இறங்கி ஏற முடியுமா?

தேவனாம்பட்டினத்தான்:
2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமானப்படை நிகழ்ச்சியில் ரஃபேல், சுகோய்க்கு நடுவே பழைய புரொப்பெல்லர் விமானங்களான ஹார்வர்டும் டகோட்டாவும் பறந்ததை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். அத்தனை ஜெட் போன பிறகும் ஹார்வர்டின் அலறல் காதைவிட்டுப் போகவில்லை. அந்த ஆசையில்தான் கேட்கிறேன். பழுதுநீக்கிப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்த ஒரு ஸ்பிட்ஃபயர் (இரண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் போர் விமானம்), அதில் மார்க் 9 வகை என்று வைத்துக்கொள்வோம், புதுச்சேரிக்கு வந்தால் லாஸ்பேட்டை விமான நிலையத்தில் இறங்கி ஏறி, கடற்கரைச் சாலைக்கு எதிரே ஒரு சுற்று காட்ட முடியுமா? ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர். வெயில், உப்புக்காற்று, எரிபொருள், இதில் எது தடுக்கும்? இன்னொரு சந்தேகம்: 600 குதிரைத்திறன் ஹார்வர்ட் அப்படி அலறுகிறது. அதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் சக்தியுள்ள ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் ஏன் அலறுவதில்லை?

வால்சக்கரம்:
நீளம் பிரச்சினையே இல்லை. கண்காட்சிக்குப் பறக்கும் எடையில் மார்க் 9 500 மீட்டருக்குள் தரையை விட்டுவிடும். பார்க்க வேண்டியது காற்றின் திசை.

ஸ்பிட்ஃபயரின் சக்கரங்களுக்கு இடையே வெறும் 1.74 மீட்டர்தான். சக்கரக் கால்களை உடலை ஒட்டிப் பொருத்தி வெளிப்பக்கமாக மடக்குவதால் வந்த குறுகல் இது. அதே காலத்து ஹரிக்கேன் போர் விமானத்தில் கால்கள் உள்பக்கமாக மடங்கும், அதனால் அங்கே 2.3 மீட்டர் கிடைக்கிறது. இவ்வளவு குறுகிய காலில் பக்கக் காற்று ஒரு இறக்கையைத் தூக்கினால் மறு இறக்கையின் நுனி தரையில் உரசும். தவிர, இந்த விமானம் புல்தரைக்காகச் செய்தது. புல்லில் டயர் கொஞ்சம் பக்கவாட்டில் வழுக்கிச் சமாளித்துவிடும். தாரில் டயர் பிடித்துக்கொள்ளும். விமானி ரடரில் (மூக்கை இடவலம் திருப்பும் வால் துடுப்பு) அரை நொடி தாமதித்தாலும் வால் சுழன்று முன்னுக்கு வந்துவிடும். கிரவுண்ட் லூப் என்பது இதுதான். கால் முறியும், புரொப்பெல்லர் தரையில் அடிக்கும், அடித்தால் எஞ்சினைக் கழற்றி உள்ளே பார்க்காமல் மறுபடி பறக்கக் கூடாது. பக்கக் காற்று 10-15 நாட் (ஒரு நாட் மணிக்கு 1.85 கி.மீ.) வேகத்தைத் தாண்டினால் பெரும்பாலான உரிமையாளர்கள் ஹாங்கரைவிட்டு வெளியே எடுக்காததற்குக் காரணம் இந்தச் செலவுதான்.

லாஸ்பேட்டை ஓடுதளம் 07/25, அதாவது ஒரு பக்கம் 70 டிகிரி, மறுபக்கம் 250 டிகிரி திசை (வடக்கு 0, கிழக்கு 90). கோடை மதியத்தில் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து ஏறும். 130 டிகிரியிலிருந்து 14 நாட் அடித்தால் ஓடுதளத்தோடு 60 டிகிரி கோணம், பக்கக் கூறு (காற்றில் பக்கவாட்டாகத் தள்ளும் பங்கு) 12 நாட். எல்லையிலேயே நிற்கிறோம். தை, மாசிக் காலையில் 050 பக்கமிருந்து 8 நாட் வாடை என்றால் பக்கக் கூறு 3 நாட்கூட வராது. நாள் குறித்தால் அப்போதுதான் குறிக்க வேண்டும்.

ஒரு நுணுக்கம். மெர்லினில் புரொப்பெல்லர் விமானி பார்வையில் வலஞ்சுழியாகச் சுற்றும். பவர் ஏற்றியதும் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். 07ல் ஏறும்போது வாடை இடப்பக்கமிருந்து வருவதால் அதுவும் மூக்கை இடப்பக்கமே திருப்பும். இரண்டும் கூடும். பூஸ்டை (எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தம்) மெதுவாக ஏற்றி, இழுப்பு தொடங்கும் முன்பே வலது ரடரை மிதிக்க வேண்டும். மெர்லினுக்குப் பதில் கிரிஃபன் எஞ்சின் போட்ட பிந்தைய மார்க் வந்தால் இழுப்பு வலப்பக்கம், கணக்கெல்லாம் தலைகீழ்.

இறங்கும்போது பிரேக்கைத் தொடாமல் உருள விடுவதே நல்லது. மூக்குக் கனமான விமானம், அழுத்திப் பிடித்தால் குப்புற நிற்கும். அதற்கு 1,500 மீட்டர் தாராளம்.

கொதிகூலண்ட்:
வெயிலைப் பற்றி: வானத்தில் பயமில்லை, தரையில்தான். 2019 ஆகஸ்ட் 5 அன்று இங்கிலாந்தின் குட்வுட்டிலிருந்து கிளம்பி டிசம்பர் 5 அன்று அங்கேயே திரும்பிய வெள்ளி நிற மார்க் 9, இந்தியா வழியாகத்தான் உலகைச் சுற்றிப் போனது. ஓடிக்கொண்டிருக்கும்வரை ரேடியேட்டருக்குக் காற்று போதும்.

தரையில் கதை வேறு. ரேடியேட்டர்கள் இறக்கைக்கு அடியில் இருக்கின்றன. சக்கரம் கீழே இருக்கும்போது கால் காற்றை மறைக்கும், புரொப்பெல்லர் தள்ளும் காற்றும் அங்கே முழுசாகப் போய்ச் சேராது. ரன்-அப்புக்கு (ஏறும் முன் தரையில் எஞ்சினை முடுக்கிச் சோதிப்பது) கூலண்ட் 40 டிகிரி, ஆயில் 15 டிகிரி வேண்டும். டேக்-ஆஃபுக்கு கூலண்ட் 60. குளிர்நாட்டில் இதற்குக் காத்திருக்க வேண்டும், நம் ஊரில் ஆயில் ஸ்டார்ட் பண்ணும் முன்பே 15ஐத் தாண்டித்தான் இருக்கும். கூலண்டும் சில நிமிடத்தில் 60ஐத் தொட்டு, நிற்காமல் ஏறும். அப்போது டவர் “காத்திருங்கள்” என்றால் முடிந்தது. வால்வு திறந்து கூலண்ட் ஆவியாகக் கொட்டும், அளவு குறைந்த கூலண்டோடு மேலே போகக் கூடாது, எஞ்சினை அணைத்து ஆற விட வேண்டியதுதான்.

செய்ய வேண்டியது: ஸ்டார்ட் பண்ணாமலே டோ பார் (இழுக்கும் கம்பி) மாட்டி ஓடுதள முனைவரை இழுத்துப் போய், மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்து அங்கே ஸ்டார்ட். பயணிகள் விமானம் வரும் நேரத்தை ஒட்டி வைக்கவே கூடாது. பிரைமிங்கும் (ஸ்டார்ட் பண்ணும் முன் கைப்பம்பால் எஞ்சினுக்குள் பெட்ரோல் செலுத்துவது) குறைவாகவே வேண்டும். 30 டிகிரி வெயிலில் மூன்று நான்கு அழுத்தல் போதும். குளிர்நாட்டுப் பழக்கத்தில் கூட அழுத்தினால் எக்ஸாஸ்ட் குழாயில் தீ நிற்கும். தீயணைப்பான் பிடித்த ஆள் பக்கத்தில் நிற்பது கட்டாயம்.

கூலண்ட் என்பது 70 பங்கு தண்ணீர், 30 பங்கு எத்திலீன் கிளைக்கால். தண்ணீர் தாதுநீக்கியதாக இருக்க வேண்டும். அவசரத்துக்குக்கூட போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பு படிந்து மெல்லிய ரேடியேட்டர் குழாய்கள் அடைத்துக்கொள்ளும்.

தேவனாம்பட்டினத்தான்:
அருமை அண்ணே. மே விடுமுறையில் வைத்தால்தான் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். 35 டிகிரியில் சக்தி எவ்வளவு குறையும்?

கொதிகூலண்ட்:
கடல்மட்டத்தில் 35 டிகிரி என்றால் காற்றடர்த்தி 15 டிகிரியைவிட சுமார் 6.5 சதவீதம் குறைவு. ஏறத்தாழ 2,400 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் இருப்பதால் பூஸ்ட் அப்படியே கிடைக்கும், ஏறுவதற்கு நீளம் போதும். ஆனால் உள்ளே போகும் காற்றே சூடாக இருப்பதால் டிடோனேஷனுக்கு (எரிபொருள் சீராக எரியாமல் வெடிப்பது) நெருக்கமாக ஓடும். போர்க்காலத்தில் +18 பூஸ்ட் அடித்த எஞ்சின்தான், இன்று கிடைக்கும் 100 எல்.எல். அவ்காஸில் (பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கான பெட்ரோல்) அந்தப் பக்கமே போவதில்லை. மே வேண்டாம், பொங்கல் விடுமுறையில் வையுங்கள்.

ஒன்பதுசிலிண்டர்:
அலறல் எஞ்சினுடையது அல்ல, புரொப்பெல்லர் நுனியுடையது. ஹார்வர்டில் பிராட் அண்ட் விட்னி வாஸ்ப் எஞ்சின், அதற்கும் புரொப்பெல்லருக்கும் இடையில் கியர் கிடையாது. எஞ்சினின் கிராங்க் தண்டு நிமிடத்துக்கு 2,250 சுற்று என்றால் புரொப்பெல்லரும் 2,250. விட்டம் 2.74 மீட்டர். நுனி வேகம் நொடிக்கு 323 மீட்டர். 30 டிகிரியில் ஒலியின் வேகம் 349. விமானத்தின் முன்வேகத்தையும் சேர்த்தால் நுனி ஒலிவேகத்தின் 95 சதவீதத்தைத் தொடும். அந்த இடத்தில்தான் காற்று கிழிபடுகிறது. ஏறிய பிறகு விமானி சுற்றைக் குறைத்ததும் அலறல் சட்டென்று அடங்குவதைக் கவனித்திருப்பீர்கள்.

மார்க் 9 மெர்லினில் கியர் விகிதம் 0.477. எஞ்சின் 3,000 சுற்றில் இருந்தாலும் புரொப்பெல்லர் சுமார் 1,430தான். விட்டம் 3.28 மீட்டர் என்றாலும் நுனி வேகம் 246. அதனால் காதுக்கு வருவது 27 லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சினின் எக்ஸாஸ்ட் ஒலியும் சூப்பர்சார்ஜரின் சீழ்க்கையும். என் காதுக்கு இதைவிட அழகான இயந்திர ஒலி கிடையாது.

உப்புக்காற்று:
எரிபொருள்: பிரதான டாங்குகளில் 386 லிட்டர் பிடிக்கும், சிக்கனமாக ஓட்டினாலும் மணிக்கு 180 லிட்டரை ஒட்டிக் குடிக்கும். ஜெட் விமானங்களுக்கான ஏடிஎஃப் உதவாது. அவ்காஸ் பீப்பாய்க்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யாமல் விமானத்தை வரவழைக்காதீர்கள். பீப்பாயிலிருந்து ஊற்றும்போது வடிகட்டி, டாங்கின் அடியிலிருந்து மாதிரி எடுத்து நீர் இருக்கிறதா என்று பாருங்கள். நம் கடலோர ஈரத்தில் பாதி காலியான பீப்பாயில் நீர் கோர்க்கும்.

உப்பு: ஓரிரு நாளில் ஒன்றும் ஆகாது. கிளம்பும் முன் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். மக்னீசியம் கலப்புலோக வார்ப்புகளும், அலுமினியத்தில் எஃகு போல்ட் தொடும் இடங்களும்தான் முதலில் அரிக்கும்.

கடற்கரைச் சாலைக்கு எதிரே தாழப் பறக்கச் சொல்லாதீர்கள். ஸ்பிட்ஃபயர் கடலில் இறக்கத் தகாத விமானம். ரேடியேட்டர்கள் தண்ணீரை அள்ளி மூக்கைக் கீழே இழுக்கும். எஞ்சின் நின்றால் பாராசூட்டில் குதிக்க உயரம் வேண்டும்.

வால்சக்கரம்:
வண்ணத்தைப் பற்றியும் யோசியுங்கள். கடலூர்க்காரர்களுக்கு ஆர்.ஏ.எஃப். 234வது ஸ்குவாட்ரன் மேல் உரிமை உண்டு. அதன் பெயரிலேயே மெட்ராஸ் பிரசிடென்சி இருக்கிறது, அன்றைய தென்னாற்காடும் அதற்குள்தான். ஆனால் 1940ல் இங்கிலாந்து வான்போரில் அவர்கள் ஓட்டியது மார்க் 1. மார்க் 9க்கு அந்த வண்ணம் பொருந்தாது. புதுச்சேரியோ 1940 செப்டம்பரிலேயே ஜெர்மனிக்குப் பணியாமல் போரைத் தொடர்ந்த சுதந்திர பிரான்ஸ் பக்கம் சேர்ந்த ஊர். அந்தப் படையின் 340, 341 ஸ்குவாட்ரன்கள் இரண்டுமே மார்க் 9 ஓட்டியவை. ஆகவே மேலே சாம்பலும் கரும்பச்சையும், கீழே கடல்சாம்பல், இறக்கை முன்விளிம்பில் மஞ்சள் கோடு, மூக்குப் பக்கம் சுதந்திர பிரான்சின் சின்னமான சிறிய லொரேன் சிலுவை. விமானத்தின் உடலில் எழுதும் ஸ்குவாட்ரன் எழுத்து 340க்கு ஜி.டபிள்யூ., 341க்கு என்.எல்.