மறு: 'ஃபிரெஷ் சால்சா'வுக்குத் தமிழ்: 'பிசறல்' சரியாக வருமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

சால்சாவில் தொடங்கிய இழை அதே பெயருள்ள நடனத்துக்குப் போய், பீட்சாவையும் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறது. வீட்டுத்தோட்டக் கையேட்டை மொழிபெயர்க்கும் நண்பர் கேட்டதோ ஒரே ஒரு தொடரைத்தான்: தோட்டத்தில் பறித்த காய்களைக் கொண்டு செய்யும் 'ஃபிரெஷ் சால்சா', அதாவது தக்காளி, வெங்காயம், மிளகாய் எல்லாம் நறுக்கிக் கலந்து தொட்டுக்கொள்ளும் மெக்சிகோ பண்டம். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? வந்த மடல்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே என் பரிந்துரைக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> "புதிய சால்சா" என்று நேராக எழுதிவிட்டால் என்ன?

ஏதோ புது ரகம் வந்திருக்கிறது போல என்று படிப்பவர் நினைப்பார். ஆங்கிலத்தில் அந்த அடைமொழி ஏன் ஒட்டிக்கொண்டது என்று பார்த்தால் சிக்கல் விளங்கும். ஸ்பானிய மொழியில் சால்சா என்பது தனிப் பண்டம் ஒன்றின் பெயரே அல்ல. சாஸ் எதுவானாலும் சால்சாதான். லத்தீனில் 'உப்பிட்டது' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. சமைக்காமல் நறுக்கிச் செய்வதை மெக்சிகோவில் 'சால்சா க்ருதா' என்பார்கள், வேகாதது என்று அர்த்தம். 'பிக்கோ தே காயோ', அதாவது சேவலின் அலகு, என்ற பெயரும் உண்டு. காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சிவப்புத் தக்காளி, வெள்ளை வெங்காயம், பச்சை மிளகாய் என்று அந்நாட்டுக் கொடியின் மூன்று நிறமும் இருப்பதால் 'கொடிச் சால்சா' என்றும் சொல்வதுண்டு.

அமெரிக்காவின் பெரும்பகுதிக்கு அது அறிமுகமானதோ கடைப் புட்டியில். டேவிட் பேஸ் என்பவர் 1947இல் சான் அன்டோனியோவில் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினார். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடைகளில் விற்பனைத் தொகையில் சால்சா கெட்சப்பையே முந்திவிட்டது. புட்டியில் இருப்பதுதான் சால்சா என்று பழகிவிட்டவர்களுக்கு, வீட்டில் நறுக்கியதைப் பிரித்துச் சொல்ல ஓர் அடைமொழி தேவைப்பட்டது. ஆக, இங்கே 'ஃபிரெஷ்' சொல்வது அடுப்பேறாதது, அடைத்து வைக்காதது என்பதைத்தான். புதுமைக்கு அதில் இடமில்லை.

> "பச்சைத் தக்காளிச் சட்னி" என்றால் அம்மாவுக்கும் புரியுமே?

புரியும், வேறு ஒன்றாக. காயாக இருக்கும் தக்காளியை வதக்கி அரைக்கும் சட்னி நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. 'பச்சை' நமக்கு நிறமும்கூட, வேகாததும்கூட. போதாக்குறைக்கு மெக்சிகோவில் 'சால்சா வெர்தே' என்று நிஜமாகவே பச்சை நிறத்தில் ஒன்று உண்டு, அது பெரும்பாலும் வேகவைத்தது. இந்த இடத்தில் 'பச்சை' என்ற சொல்லையே தள்ளி வைப்பது நல்லது. சட்னி என்றால் தமிழ்நாட்டில் அரைப்பது, தாளிப்பது. பச்சடியும் வேண்டாம், தமிழ்நாட்டில் தயிர் நினைவுக்கு வரும், ஆந்திராவில் துவையல்.

> பீட்சாவுக்கு யாராவது தமிழ் தேடுகிறார்களா? சால்சா என்றே விட்டுவிடுங்கள்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். பண்டத்தின் பெயர் சால்சாவாகவே இருக்கட்டும். ஆனால் கையேட்டின் அடுத்த அத்தியாயம் புட்டியில் அடைப்பது பற்றியது. அங்கேதான் ஒற்றைச் சொல் ஆளைக் கவிழ்க்கும். 'சால்சாவைப் புட்டியில் அடைத்து ஓராண்டு வைக்கலாம்' என்று ஒரு வரி வந்தால், முந்தைய பக்கத்தில் சமைக்காமல் செய்த அதே சால்சாவைத்தான் வாசகர் அடைப்பார். உப்பு இருக்கிறது, புளிப்பு இருக்கிறது, பிறகென்ன என்று ஊறுகாய்க் கணக்குப் போடுவது நமக்குக் கைவந்த பழக்கம்.

இந்தக் கணக்கு சால்சாவுக்குப் பொருந்தாது. புளிப்பை அளக்கும் பி.எச். எண் ஏற ஏறப் புளிப்பு குறையும்; பாதுகாப்புக்கு எல்லை பி.எச். 4.6. தக்காளி அந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது. சில ரகங்கள் தாண்டியும் போகும். வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி எல்லாம் அமிலம் குறைந்தவை, சேர்க்கச் சேர்க்கக் கலவை எல்லைக்கு மேலே ஏறும். அப்படி ஏறிய கலவையைக் காற்றுப் புகாமல் அடைத்தால் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா வளர்ந்து நஞ்சை உண்டாக்க இடம் கிடைக்கிறது. முகர்ந்து பார்த்தோ நாக்கில் வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் அடைப்பதற்கென்று சோதித்த செய்முறையை மட்டும் பின்பற்றச் சொல்கிறார்கள். எலுமிச்சைச் சாறும் பழத்திலிருந்து பிழிந்ததாக இருக்கக்கூடாது, கடையில் புட்டியில் விற்பதாக இருக்க வேண்டும். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், கடைச் சாற்றில் மாறாது. மிளகாய் ரகத்தை மாற்றிக்கொள்ளலாம், மொத்த அளவைக் கூட்டக்கூடாது. சமைக்காத சால்சாவுக்கோ ஃபிரிட்ஜில் சில நாள்தான் ஆயுள். இந்த இரண்டுக்கும் தமிழில் இரண்டு பெயர் இருந்தே ஆக வேண்டும் என்பதுதான் என் வாதம். தூய தமிழ் ஆசையில் சொல்லவில்லை.

> எங்கட பக்கம் இதுக்குப் பேர் சம்பல். வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி வெட்டி உப்பும் தேசிப்புளியும் (எலுமிச்சைச் சாறு) விட்டால் சம்பல்தானே? ஏன் புதுச்சொல்?

இந்த இழையில் வந்த மிக வலுவான மடல் இதுதான். யாழ்ப்பாணத்து வாசகருக்கு மட்டும் எழுதுவதாக இருந்தால் விவாதத்தை இங்கேயே முடித்துவிடலாம். கையேடு எல்லா ஊருக்கும் போகிறது என்பதுதான் தடை. மலேசியத் தமிழர் சம்பல் என்றால் அரைத்த மிளகாய் விழுதை நினைப்பார், பெரும்பாலும் பெலாச்சான் என்ற இறால் விழுதோடு. தமிழ்நாட்டில் பலர் அந்தச் சொல்லைப் பரோட்டாக் கடைப் பக்கம்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். இலங்கையிலும் தேங்காய்ச் சம்பல் இடிப்பது அல்லது அரைப்பது. இருந்தாலும் அருஞ்சொல் பட்டியலில் 'இலங்கை வழக்கு: சம்பல்' என்று கட்டாயம் சேர்க்க வேண்டும்.

> நறுக்குவதுதானே முக்கிய வேலை? அரி என்ற வினையிலிருந்து "அரியல்" என்று ஆக்கலாம்.

ஐயா, உங்கள் வழிமுறை எனக்குப் பிடித்திருக்கிறது. நம் சமையலில் பாதிப் பெயர்கள் அப்படித்தான் பிறந்திருக்கின்றன: துவைத்தால் துவையல், மசித்தால் மசியல், கடைந்தால் கடையல், அவித்தால் அவியல். சமையல் செயலே பெயர். ஆனால் சங்க இலக்கியத்தில் அரியல் என்றால் கள். பள்ளி மாணவர்கள் கையில் போகும் கையேடு, புலவர் யாராவது கண்டுபிடித்துவிட்டால் நம் பாடு திண்டாட்டம்.

அதைவிட முக்கியம், நறுக்குவது இதன் உயிர் அல்ல. நறுக்கிய துண்டுகள் வெறும் துண்டுகளாகவே கிடக்கும். உப்புப் பட்டதும் தக்காளி நீர்விடுகிறது, அந்த நீரில் எலுமிச்சைச் சாறும் மிளகாய்க் காரமும் சேர்ந்து ஊறுகின்றன. அந்தச் சாறுதான் சால்சா. விரல் நுனியால் உப்பும் புளிப்பும் எல்லாத் துண்டிலும் படும்படி, நசுங்காமல் கலப்பதற்கு நம்மிடம் ஒரு வினை தயாராக இருக்கிறது: பிசறு. புட்டு மாவைப் பிசறுகிறோம், மஞ்சள் உப்புப் போட்டுக் கறியைப் பிசறி வைக்கிறோம். பிசைவது வேறு, அதில் அழுத்தம் இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை பிசறல். தக்காளிப் பிசறல் என்றால் 'சால்சா க்ருதா'. மாம்பழத்தில் செய்வது மாம்பழப் பிசறல், சோளத்தில் செய்வது சோளப் பிசறல். சமைக்காதது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, சொல்லே சொல்லிவிடுகிறது. அடைப்பதற்காகச் சமைப்பதைப் 'புட்டிச் சால்சா' என்று வைத்துக்கொண்டால் 'பிசறலைப் புட்டியில் அடைக்காதீர்கள்' என்று ஒரே வரியில் எச்சரிக்கை எழுதிவிடலாம்.

சொல் செய்முறையில் நிற்கிறதா என்று எழுதிப் பார்த்தேன்:

'சதைப்பற்றான தக்காளியைப் பொடியாக நறுக்கி, விதைக்கூழை வழித்தெடுத்துவிட்டு, உப்புத் தூவி வடிகட்டியில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். வெங்காயத்தை நறுக்கித் தண்ணீரில் அலசினால் நெடி அடங்கும். மிளகாயின் காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில் இருக்கிறது. காரம் குறைய வேண்டுமானால் அதைச் சுரண்டிவிடுங்கள். கொத்தமல்லியைத் தண்டோடு அரிந்து, எலுமிச்சை பிழிந்து, எல்லாவற்றையும் பிசறி அரை மணி நேரம் ஊறவிடுங்கள்.'

எனக்கு உறுத்தவில்லை. தமிழ்நாட்டுப் பதிப்பில் 'சதைப்பற்றான தக்காளி' இருக்கும் இடத்தில் பெங்களூர் தக்காளி என்று போட்டால் சட்டென்று புரியும். நாட்டுத் தக்காளியில் சாறு அதிகம், வடியவிட்டால் பாதிதான் மிஞ்சும். வடிந்த சாற்றைக் கொட்டச் சொல்லாதீர்கள், ரசத்துக்கு ஆகும்.

எல்லாமே தோட்டத்துக் காய்தான் என்று கையேடு பெருமைப்படுவதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. டெக்சாஸில் தோட்டம் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கொத்தமல்லியும் தக்காளியும் ஒரே நேரத்தில் கைக்கு வருவது அரிது. கொத்தமல்லி குளிர்காலப் பயிர், வெயில் ஏறியதும் பூத்துக் காய்த்துவிடும். தக்காளி பழுக்கத் தொடங்குவதே அப்போதுதான். இரவிலும் சூடு 24 பாகை செல்சியஸுக்கு மேல் நின்றால் அதுவும் பிஞ்சு பிடிக்காது. மூலநூல் எந்தத் தட்பவெப்பத்துக்கு எழுதப்பட்டது என்று மொழிபெயர்ப்பாளர் ஒரு குறிப்புப் போடலாம்.

சரி, அரைக்கும் சால்சாக்கள்? தக்காளியையும் மிளகாயையும் தோல் கருகச் சுட்டு, மூன்று கால் வைத்த எரிமலைக்கல் உரலில் இடிப்பது மெக்சிகோவின் பழைய முறை. அந்த உரலுக்கு 'மோல்காஹெத்தே' என்று பெயர். அந்நாட்டுப் பூர்வகுடிகளின் நாவாட்டல் மொழியில் 'மொல்லி' என்றால் சாஸ், 'காஷித்' என்றால் கிண்ணம். ஸ்பானியர் வருவதற்கு முன் சால்சா என்ற சொல் அங்கே இல்லை, மொல்லிதான். வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை மூன்றும்கூடக் கடல் தாண்டி அங்கே போனவைதான். இந்த இடித்த வகைக்குப் புதுச்சொல்லே வேண்டாம். சுட்ட தக்காளித் துவையல் என்று எழுதினால் யாரும் நிறுத்திக் கேட்கமாட்டார்கள். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதை நாம் பிசறல், துவையல் என்று இரண்டாகப் பிரிக்கிறோம். அப்படிப் பிரிப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

> 'டொமாட்டிலோ'வுக்குச் "சொடக்குத் தக்காளி" சரியா?

பேரினம் சரி, இரண்டும் ஃபைசாலிஸ்தான். காகித உறை மாதிரி மூடிய காய், நெற்றியில் அடித்தால் சொடக்கென்று உடையும் அதே குடும்பம். மத்திய மெக்சிகோவில் இன்றும் 'தொமாத்தே' என்றால் இந்த உறைக்காய்தான், சிவப்புக்கு 'ஹிதொமாத்தே'. ஆனால் அடைமொழி இல்லாமல் சொடக்குத் தக்காளி என்று எழுத வேண்டாம். 'சால்சா வெர்தே'வுக்குக் காயைப் பச்சையாக இருக்கும்போதே பறிக்கிறார்கள். நம் வேலியோரத்துச் சொடக்கின் பழுக்காத காய் தின்ன ஏற்றதல்ல. 'மெக்சிகோ சொடக்கு' என்று போட்டு, படமும் போடுங்கள். அதை நடுகிறவர் இரண்டு செடியாக நட வேண்டும் என்பதையும் சேர்க்கலாம், ஒற்றைச் செடி தன் மகரந்தத்தில் காய்க்காது.

பிசறலுக்கு எதிராக எனக்கே தோன்றும் இரண்டு குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சாலடும் பிசறுவதுதானே என்று கேட்பார்கள். சாலட் தனியாகச் சாப்பிடுவது, இது தொட்டுக்கொள்வது. வரையறையில் அந்த வேறுபாட்டை எழுதலாம், சொல்லுக்குள் அது இல்லை என்பது உண்மை. அப்புறம், ஓர் எழுத்து தவறினால் 'பிசிறல்' ஆகி நூல் பிசிறு ஞாபகம் வரும். மெய்ப்புப் பார்ப்பவர் கவனிக்க வேண்டியது அது. இதைவிடப் பொருத்தமான வினை யாருக்காவது தோன்றினால், செய்முறையின் ஒரு வாக்கியத்தில் வைத்துக் காட்டுங்கள். பட்டியலாக மட்டும் அனுப்பினால் எடைபோட முடியவில்லை.

அன்புடன்,
சான் அன்டோனியோவிலிருந்து

பி.கு.: ஸ்பானியப் பெயர்களை எழுத்துப்பெயர்க்கும்போது ஆங்கில வழி போகாமல் மெக்சிகோ உச்சரிப்பையே பின்பற்றலாமா? மெக்சிகோ மிளகாய் வகை ஒன்றை 'ஹலப்பென்யோ' என்று எழுதினால் சரி என்று நினைக்கிறேன். 'ஜலபினோ' என்று தமிழ்ப் பட்டியல்களில் ஏற்கெனவே இருக்கிறது, அதை மாற்றுவதா விடுவதா என்று நிர்வாகிகள் சொல்லட்டும்.