நியூ ஆர்லியன்ஸ் ஹாட் சாசேஜ் சீஸ் போபாய்: வீட்டில் செய்தபோது எந்த இடத்தில் சொதப்பியது?

கறிவெட்டு:
போபாய்ங்கிறது அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸ் ஊரோட நீள ரொட்டி சாண்ட்விச். அதுக்குச் செஞ்சப்போ, திருப்பின நொடியில கறிவடை மூணாப் பிளந்தது. உறையில அடைச்ச நீளச் சாசேஜ் இல்ல, வடையாத் தட்டுற ஹாட் சாசேஜைச் சொல்றேன். பிளவு வழியா சிவப்பு எண்ணெய் மொத்தமும் இரும்புக்கல்லுல ஓடிப் புகைஞ்சது. மிஞ்சினது உதிரி உதிரியா வறண்ட கறி. அதுமேல சீஸ் போட்டும் எதையும் பிடிச்சு நிக்கல.

சூடு காரணமில்ல. உப்பைக் கடைசியில தூவி மேலாகப் புரட்டினதுதான் காரணம். உப்பு முதல்லயே கறியில இறங்கினாத்தான் புரதம் கரைஞ்சு பசையாகும். கொழுப்பைக் கட்டி வைக்கிறது அந்தப் பசைதான். அடுத்த தடவை உடையாம வந்த அளவு இது: பன்றித் தோள்கறி 1 கிலோ, அதுல கொழுப்பு 28லிருந்து 30 சதவீதம். உப்பு 17 கிராம், கேயென் மிளகாய்த்தூள் 10, பாப்ரிகா (காரம் குறைஞ்ச சிவப்பு மிளகாய்த்தூள்) 14, மிளகுத்தூள் 4, நசுக்கின பூண்டு 15, தைம்ங்கிற வாசனை இலை காய்ந்தது 2, பொடியா நறுக்கின வெங்காயத்தாள் 40, ஐஸ் தண்ணி 60 மி.லி.

கறியை 2 செ.மீ. துண்டாக்கி, உப்பும் தூளும் புரட்டி, ஃப்ரீசர்ல அரை மணி நேரம். ஓரம் விறைச்சதும் 6 மி.மீ. ஓட்டைத் தட்டுல ஒரே தடவை அரைக்கணும். பிறகு பூண்டு, வெங்காயத்தாள், தண்ணி சேர்த்து 2 நிமிஷம் பிசையணும். ஒரு உருண்டையை உள்ளங்கையில அப்பிக் கையைக் கவுத்தா விழாம ஒட்டி நிக்கணும். நின்னதும் நிறுத்திடுங்க, அதுக்கு மேல பிசைஞ்சா ரப்பர். மூடி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல வெச்சு, காலையில தட்டுங்க.

மாவும்ஈஸ்ட்டும்:
கறி சரியாக வந்தும் ரொட்டியில் கெட்டது. முதல் கடியிலேயே கறிவடை இரண்டும் பின்பக்கமாக வழுக்கித் தட்டில் விழுந்தன. கையில் மிஞ்சியது வெறும் ரொட்டி. காரணம், பாரிஸ் பாணி பகெட் என்கிற நீள ரொட்டி. அதன் மேலோடு தடித்தது, உள்ளே இழுவை அதிகம். பல் அதை அறுப்பதற்குள் உள்ளிருப்பது பிதுங்கிவிடும்.

நியூ ஆர்லியன்ஸில் பிரெஞ்சு ரொட்டி என்று சொல்வது வேறு பொருள். மேலோடு காகிதம் போல மெல்லியது, தொட்டால் நொறுங்கும். உள்ளே பஞ்சு மிட்டாய் போல அமுங்கும். லைடன்ஹைமர் பேக்கரி 1896 முதல் இந்த வகையைத்தான் சுடுகிறது. வீட்டு அடுப்பில் அதற்கு நெருக்கமாக வந்த அளவு: பிரெட் மாவு 500 கிராம், தண்ணீர் 310, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5, உப்பு 9, சர்க்கரை 10, வனஸ்பதி 12. பத்து நிமிடம் பிசைந்து, இரட்டிப்பாகும் வரை விட்டு, மூன்றாகப் பிரித்து 30 செ.மீ. நீளத்துக்கு உருட்டுங்கள். இரண்டாவது முறை உப்பும்போது அவசரப்படக்கூடாது. விரலால் தொட்டால் குழி மெதுவாக, பாதிதான் மீள வேண்டும். அந்த நிலைக்கு முன்பே அடுப்பில் வைத்தால் உள்ளே பஞ்சு வராது. 220 டிகிரியில் முதல் 8 நிமிடம் நீராவியோடு, மொத்தம் 22 நிமிடம். கடைசி 3 நிமிடம் அடுப்புக் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் ஆறும்போது மேலோடு நமுத்துவிடும்.

மூன்றாம்கல்:
ரொட்டிக்கு இவ்வளவு பாடு தேவையில்ல. பக்கத்துல வியட்நாமிய பேக்கரி இருந்தா பான்மி ரொட்டி வாங்குங்க. மெல்லிய ஓடு, லேசான உள்பக்கம், வேலை முடிஞ்சது. நியூ ஆர்லியன்ஸ் கிழக்குப் பகுதியில டோங் புவோங் பேக்கரியே போபாய் கடைகளுக்கு ரொட்டி போடுது. அதனால இது குறுக்குவழி ஆகாது. 175 டிகிரியில 4 நிமிஷம் சுட வெச்சு, அப்புறம் கீறுங்க. கீறிட்டுச் சுட வெச்சா உள்பஞ்சு காஞ்சு எண்ணெயைக் குடிக்காது.

எனக்கு உறுத்துறது வேற. கறிவடையை டிஷ்யூ பேப்பர்ல ஒத்தி எடுத்துட்டு ரொட்டியில வெச்சது. பிரிச்சுப் பார்த்தா கீழ்த்துண்டு வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. அந்த ஆரஞ்சுக் கறை இல்லாத போபாய்க்கு ருசியே கிடையாது. மிளகாயோட நிறமும் காரமும் கொழுப்புல கரைஞ்சு நிக்கிறதாலதான் அது சிவப்பா இருக்கு. டிஷ்யூவுல ஒத்தினா மசாலாவை ஒத்தி எடுத்த மாதிரி. ஒத்தாம நேரா கல்லுலேர்ந்து ரொட்டிக்கு.

கறிவெட்டு:
மூன்றாம்கல், நேரா வெச்சா அடி ஊறிப் பிய்ஞ்சு போகுது. ஒரு கறிவடை 85 கிராம், எட்டு அங்குல ரொட்டிக்கு ரெண்டு. ரெண்டும் சேர்ந்து விடுற எண்ணெய் சின்னது இல்ல. கல்லுலேர்ந்து எடுக்கும்போது கரண்டியைச் சாய்ச்சு அஞ்சு நொடி வடிய விட்டா போதும். டிஷ்யூ வேண்டாம்னு சொல்றதுல உடன்படுறேன்.

சீஸ்தட்டு:
செடார் சீஸ் பிரிந்துபோன கதை இங்கே யாரும் சொல்லவில்லையே. 12 மாதம் முதிர்ந்த நல்ல செடார். கறிவடை மேல் வைத்து மூடியதும் ஓரத்தில் மஞ்சள் எண்ணெய் கசிந்தது, நடுவில் துகள் துகளாகத் திரண்டது. ஏற்கெனவே கறியின் எண்ணெய், அதோடு சீஸின் எண்ணெய். ரொட்டியால் தாங்க முடியவில்லை.

முதிர்ந்த சீஸில் புரதப் பின்னல் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். சூட்டில் அது சுருங்கிக் கொழுப்பை வெளியே தள்ளிவிடும். இந்த சாண்ட்விச்சுக்கு அமெரிக்கன் சீஸ் என்கிற பதப்படுத்திய ஸ்லைஸ்தான் சரி. மலிவு என்பதற்காக அதைப் போடுவதில்லை. அதில் சேர்க்கும் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் புரதத்தையும் கொழுப்பையும் பிரியாமல் பிடித்துவைக்கும். கறியிலிருந்து வரும் காரச் சாறோடு கலந்தாலும் அது குழைவாகவே நிற்கும். செடார் ருசிதான் வேண்டும் என்றால் 60 மி.லி. பாலில் 4 கிராம் சோடியம் சிட்ரேட் கரைத்துச் சூடாக்கி, துருவிய செடார் 100 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறுங்கள். ஊற்றுகிற பதத்துக்கு வரும்.

கறிவடை திருப்பி 2 நிமிடம் ஆனதும் வடைக்கு ஒரு ஸ்லைஸ், கல்லின் ஓரத்தில் ஒரு டீஸ்பூன் தண்ணீர், உடனே மூடி. 40 நொடியில் சீஸின் நான்கு மூலையும் தொங்கிவிடும். அடியில் படிந்து பொரிந்தால் கசக்கும், அதற்கு மேல் வைக்காதீர்கள்.

ஏழாம்வார்டு:
முதல் பதிவில் உறையில் அடைத்ததை ஒதுக்கியது சரியில்லை. ஷொரீஸ் என்கிற கிரியோல் ஹாட் சாசேஜ் உறையில் வருவதுதான். ஸ்பானியர்களின் சொரிசோ வழியில் வந்தது, ஆனால் உலர்த்தாத பச்சைச் சாசேஜ். நியூ ஆர்லியன்ஸின் ஏழாம் வார்டு பகுதியில் வாக்ரெசன் குடும்பம் 1899 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. 1970இல் நடந்த, அந்த ஊர் இசைவிழாவான ஜாஸ் ஃபெஸ்டின் முதல் விழாவிலேயே அவர்களுடைய கடை இருந்தது. அதையும் போபாயில் வைத்துத்தான் தின்கிறார்கள்.

உறைச் சாசேஜை முழுசாக ரொட்டியில் வைத்து, உருண்டுகொண்டே இருந்ததுதான் இன்னும் மனசில் நிற்கிறது. வளைந்த பக்கம் ரொட்டியில் பதியாது, சீஸ் வழிந்து கீழே போய்விடும். நீளவாக்கில் முக்கால் ஆழத்துக்குக் கீறி, புத்தகம் போல விரித்து, வெட்டுப் பக்கம் கல்லில் படுமாறு அழுத்துங்கள். அதற்கு முன் முழுசாகவே, சிறுதீயில், கால் கப் தண்ணீரோடு மூடி 10 நிமிடம் வேகவைத்திருக்க வேண்டும். பச்சையாகக் கீறினால் உள்ளே உள்ளது வெளியே வந்துவிடும்.

கறிவெட்டு:
ஏழாம்வார்டு, ஒதுக்கல. சீஸோட சேரும்போது வடை வடிவம் தட்டையா நிக்குதுன்னு மட்டும்தான். நியூ ஆர்லியன்ஸ்ல செயின்ட் கிளாட், எலிசியன் ஃபீல்ட்ஸ் தெருக்கள் சேருற மூலையில அந்த இளஞ்சிவப்புக் கட்டடத்துல 2019 வரைக்கும் இருந்த கடையில பேர் வாங்கினதும் கறிவடையும் சீஸும்தானே.

ஏழாம்வார்டு:
அது சீஸோடு வருகிற வகை. சீஸ் இல்லாமல் கேட்டால் உறைச் சாசேஜும் அதே அளவுக்கு அந்த ஊர்க்காரர்களுடையதுதான். இரண்டில் ஒன்றை அசல் என்று எழுதினால் புதிதாகச் செய்பவர்கள் தவறாக எடுத்துக்கொள்வார்கள்.

டப்பாச்சாப்பாடு:
எல்லாம் சரியாக வந்து, அலுமினிய ஃபாயிலில் சுற்றினேன். இருபது நிமிடம் கழித்துப் பிரித்தால் மேலோடு ஈரத் துணி போல விரலோடு வந்தது.

கேட்காத யோசனைதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மேலே யாரும் அடுக்கும் வரிசையைத் தொடவில்லை. "டிரெஸ்டு" என்று கேட்டால் லெட்யூஸ், தக்காளி, பிக்கிள், மயோனைஸ் நான்கும் வரும். சூடான கொழுப்பும் குளிர்ந்த ஈரமும் ஒன்றையொன்று தொடக்கூடாது. கீழ்த்துண்டில் கறிவடை, சீஸ் மேல்பக்கம். மேல்துண்டில் மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டி, ஓரம் வரை. மயோனைஸின் எண்ணெய்ப் படலம் தக்காளிச் சாற்றை ரொட்டிக்குள் விடாது. அதன்மேல் தக்காளி, மெல்லிசாக, 4 மி.மீ. வெட்டியதும் உப்புத் தூவி 5 நிமிடம் சாய்த்து வையுங்கள், சாறு இறங்கட்டும். லெட்யூஸைக் கிழிக்காதீர்கள், முட்டைகோஸ் பொரியலுக்கு வெட்டுவதுபோல் நூலாகச் சீவுங்கள். இலையாக வைத்தால் ஒரே கடியில் மொத்த இலையும் உருவி வந்துவிடும். பிக்கிள் இனிப்பில்லாத, டில் என்கிற சதகுப்பைக்கீரை வாசனை வகை. கடுகு பிடிக்குமென்றால் முழுக்கடுகு தெரியும் கிரியோல் கடுகு விழுது அரை டீஸ்பூன், அது கறிப் பக்கம். மயோனைஸோடு கலக்காதீர்கள், காரம் மட்டுப்பட்டுவிடும். மூடி, உள்ளங்கையால் ஒரு தடவை மெதுவாக அழுத்தி, கறிக்கடையில் மடித்துக் கொடுப்பதுபோன்ற பூச்சில்லாத வெள்ளைக் காகிதத்தில் இறுக்கமாகச் சுற்றி 2 நிமிடம். அந்த 2 நிமிடத்தில் சீஸ் ரொட்டியோடு ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு மேல் வைக்கவேண்டி வந்தால் ஈரக் காய்களைத் தனி டப்பாவில் கொண்டுபோய், சாப்பிடும் இடத்தில் வையுங்கள்.

மாவும்ஈஸ்ட்டும்:
இதோடு ஒன்று: ரொட்டியின் இரண்டு முனையும் கூர்மையாக உருட்டாதீர்கள். நியூ ஆர்லியன்ஸில் 1929 டிராம் வேலைநிறுத்தத்தின்போது உணவுக்கடை வைத்திருந்த மார்ட்டின் சகோதரர்கள் வேலைநிறுத்தக்காரர்களுக்கு இலவச சாண்ட்விச் கொடுத்தார்கள். கூர்முனை வீணானதால்தான், ஜான் ஜெண்டூசா என்ற பேக்கர் முனை முதல் முனை வரை ஒரே பருமனில் 40 அங்குல ரொட்டி சுட்டுத் தந்தார். வீட்டிலும் அதே கணக்கு. கூர்முனையில் கறி நிற்காது, எண்ணெய் மட்டும் ஓடிச் சேரும்.

அஞ்சறைப்பெட்டி:
சென்னைக் கடையில் கேயென் கிடைக்காமல் குழம்பு மிளகாய்த்தூள் போட்டதில், வாயில் வைத்ததும் கறிக்குழம்பு வாசனைதான் வந்தது. சாசேஜ் காணாமல் போயிற்று. அதில் மல்லியும் சீரகமும் இருக்கும், மாற்றாகவே ஆகாது.

தனி மிளகாய்த்தூள்தான் வேண்டும். கறிவெட்டு கொடுத்த 1 கிலோ அளவுக்கு குண்டூர்த் தனித்தூள் 8 கிராம், காஷ்மீரி 16 கிராம். காஷ்மீரி பாப்ரிகாவின் இடத்தை எடுத்துக்கொள்ளும், நிறத்துக்குப் போதும். மில்லில் வறுத்து அரைத்த தூளாக இருந்தால் கல்லில் சீக்கிரம் கருகும், வறுக்காமல் காயவைத்து அரைத்ததாகப் பாருங்கள். வடை தட்டுவதற்கு முன் 20 கிராம் எடுத்துப் பொரித்து ருசி பாருங்கள். பச்சைக்கறியில் உப்பும் காரமும் சரிசெய்ய அதுதான் கடைசி வாய்ப்பு. உடனே தின்றால் காரம் ஏமாற்றும், அரை நிமிடம் ஆறவிட்டுச் சொல்லுங்கள்.

மூன்றாம்கல்:
பன்றிக்கறி வேண்டாங்கிறவங்க மாட்டுக்கறியில செய்யலாம், தோள் பக்கம், கொழுப்பு 25 சதவீதத்துக்குக் குறையாம. கோழியில முயற்சி பண்ணினா சிவப்பு எண்ணெய் வராது. ரொட்டி வெள்ளையாவே இருக்கும்.

புதுக்கல்:
எல்லாரும் சொன்னபடி செய்தேன். கறிவடை நடுவில் பந்து மாதிரி உப்பி, ஓரம் மட்டும் கல்லைத் தொட்டது. மேலே வைத்த சீஸ் சறுக்கி விழுந்தது. எங்கே தப்பு?

கறிவெட்டு:
ஓரம் முதல்ல சுருங்கி நடுவைத் தூக்குது. தட்டும்போதே 10 மி.மீ. கனத்துக்குத் தட்டி, நடுவுல கட்டைவிரலால 3 மி.மீ. குழி போடுங்க, மெதுவடைக்குக் குழி போடுற இடம்தான், ஓட்டை மட்டும் விழக்கூடாது. வெந்ததும் அந்தக் குழி சமமாயிடும். வட்டமாத் தட்டாம ரொட்டி அகலத்துக்கு நீள்வட்டமாத் தட்டுங்க. கறி கால் பங்கு சுருங்கும், அதனால ரொட்டியைவிட ஒரு விரல் பெரிசா இருக்கட்டும். கல் 190லிருந்து 200 டிகிரி, வெச்சு 3 நிமிஷம் தொடவே கூடாது. தானா கல்லை விட்டு வந்ததும் திருப்பி இன்னொரு 3 நிமிஷம், நடுவுல 71 டிகிரி காட்டணும். கரண்டியால அழுத்துற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, அழுத்தினா நீங்க ராத்திரி முழுக்கக் கட்டி வெச்ச கொழுப்பு கல்லுல போகும்.

புதுக்கல்:
குழி போட்டது வேலை செய்தது. சீஸ் நின்றது. கீழ்த்துண்டில் ஆரஞ்சுக் கறை ஓடுவரை போகாமல் பஞ்சோடு நின்றுவிட்டது.