ஏர் ஃபில்டர் பெட்டியில் விரிசல்: உருக்கி ஒட்டலாமா, மாற்றியே ஆக வேண்டுமா?

காவிரிக்கரை:
2012 மாடல் டர்போ டீசல் கார். ஏர் ஃபில்டர் பெட்டியில் இரண்டு இடத்தில் விரிசல். ஒன்று, மூடியில் கிளிப் மாட்டும் மூலை. போன முறை ஃபில்டர் மாற்றியவர் திருப்புளியை விட்டு நெம்பியதன் கைங்கரியம். இன்னொன்று, டர்போவுக்கு, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சுழலிக்கு, போகும் ரப்பர் குழாய் மாட்டுகிற கழுத்தில், அரை வட்டத்துக்கு மயிரிழை போல ஓடுகிறது. தண்ணீர்க் குழாய்க் கசிவுக்கு அப்புகிற எபாக்சி பசையைப் பிசைந்து இரண்டிலும் பூசினேன். ஒன்பதாம் நாள், ஆறிய புண்ணின் பொருக்கைப் போல அப்படியே பெயர்ந்து கையில் வந்தது. பெட்டி முழுதாகத்தான் கிடைக்குமாம், ஏழாயிரம் ரூபாய். வேறு வழி உண்டா?

பழைய பட்டறை:
பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள் தம்பி, 'பிபி-டி20' என்பது போல எழுத்து வார்த்திருக்கும். பாலிபுரோப்பிலீனில் நூற்றுக்கு இருபது பங்கு டால்க் மாவு கலந்தது என்று பொருள். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டினால்தான் இதில் உங்கள் எபாக்சி ஒட்டும். சூப்பர் குளூவும் அப்படித்தான். இதை ஒட்டக் கூடாது, உருக்கிச் சேர்க்க வேண்டும்.

சோப்பு நீரில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிக் காயவையுங்கள். விரிசலின் இரு முனையிலும் 2 மி.மீ. துளை போடுங்கள், போடாவிட்டால் ஒட்டிய இடத்தைத் தாண்டி விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு விரிசல் நெடுக, பாதித் தடிமனுக்கு, வாய்க்கால் போலக் கீறிக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு அடிக்கிற எஸ்.எஸ். கொசுவலையில் விரல் அகலத் துண்டு வெட்டி, சால்டரிங் அயர்னால் அழுத்திப் பிளாஸ்டிக்குள் புதைத்து, மேலே அதே பிளாஸ்டிக்கை உருக்கி நிரப்ப வேண்டும். உடைந்த பம்பரில் நறுக்கிய கீற்று போதும், ஆனால் அதிலும் 'பிபி' என்ற எழுத்து இருக்க வேண்டும். இது சுமார் 165 டிகிரியில் உருகிவிடும். புகை வந்தால் சூடு அதிகம்; சேர்ந்தது போலத் தெரிந்தாலும் கருகிய அப்பளமாக நொறுங்கும்.

அளவுகோல்:
கிளிப் மூலைக்கு ஐயா சொல்வது சரி. கழுத்துக்கு ஒப்ப மாட்டேன். அது ஃபில்டரைத் தாண்டிய பக்கம். அங்கே விரிசல் என்றால் வடிகட்டாத புழுதி நேரே டர்போவின் இறக்கைக்கும் சிலிண்டருக்கும் போகிறது. அந்த இறக்கை நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழல்வது. உள்ளே புதைத்த வலையிலிருந்து ஒரு கம்பித் துணுக்கு கழன்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏழாயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய் டர்போவுக்கு அழ வேண்டாம். சென்னை புதுப்பேட்டையில் பழைய பெட்டி கிடைக்காதா என்ன?

பழைய பட்டறை:
உள்ளே புதைக்கச் சொன்னது யார்? வலை வெளிப்பக்கம்தான், அதுவும் பாதித் தடிமனுக்கு. உள்பக்கம் ஒரு கம்பி நுனி தெரிந்தாலும் அந்த வேலையை நானே தூக்கி எறிவேன். புதுப்பேட்டைப் பெட்டியும் இன்னொரு காரின் பானெட்டுக்குள் பத்து வருடம் வெந்ததுதானே? அது நாளை விரியாது என்று எழுதித் தருவீர்களா?

சின்ன எஞ்சின்:
குறுக்கிடுகிறேன். என் பெட்ரோல் காரில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்புகிற இன்டேக் மேனிஃபோல்டே விரிந்திருக்கிறது. இதே பம்பர்க் கீற்று உதவுமா?

பழைய பட்டறை:
உதவாது. மேனிஃபோல்டு பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலான், 'பிஏ6-ஜிஎஃப்30' என்றிருக்கும். பிபியும் நைலானும் உருகினாலும் ஒன்றோடொன்று கலக்காது. மேலும் அது எஞ்சின் சூட்டில் குளிக்கிற பாகம். அதை மாற்றுங்கள், நான்கூட ஒட்டித் தர மாட்டேன்.

அளவுகோல்:
இதையாவது ஒப்புக்கொண்டீர்களே! காவிரிக்கரை, ரப்பர் குழாயைக் கழற்றி அதன் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் ஈரம் இருந்தால் பயமில்லை, டர்போ டீசலில் அது வழக்கம். மண் இருந்தால் ஒட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. காற்றை அளக்கும் சென்சார் விரிசலுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்னால் என்றால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும், எச்சரிக்கை விளக்கு எரியக்கூடும். பின்னால் என்றால் அந்தக் காற்றையும் சென்சார் அளந்துவிடும். விளக்கு எரியாமலே புழுதி போய்க்கொண்டிருக்கும். அது போக, இன்னொரு கேள்வி. கிளிப் மூலை நெம்பியதால் உடைந்தது, சரி. கழுத்து ஏன் உடைந்தது? யாரும் அங்கே திருப்புளியை விடவில்லையே.

காவிரிக்கரை:
இருவருக்கும் நன்றி. மூலையை ஐயா சொன்னபடி உருக்கிச் சேர்த்தேன். முதல் முயற்சியில் அப்பளம்தான். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி செய்தேன், இப்போது கிளிப் நன்றாகப் பிடிக்கிறது. குழாயைத் துடைத்த துணியில் எண்ணெயோடு செம்மண் நிறத்தில் ஒரு கோடு, சரியாக விரிசலுக்கு நேரே. ஆகவே கழுத்து விஷயத்தில் அளவுகோல் பக்கம் சாய்ந்துவிட்டேன். பெட்டிக்குச் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கடைசிக் கேள்விக்காக மகனைச் சாவி போடச் சொல்லிப் பானெட்டைத் திறந்து நின்றேன். ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும் எஞ்சின் இரண்டு விரற்கடை ஆடுகிறது. அந்த ஆட்டத்தில் ரப்பர் குழாய் கழுத்தைப் பிடித்து இழுக்கிறது. எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கிற மவுண்டின் ரப்பர் கிழிந்திருக்கிறது.

பழைய பட்டறை:
அப்படியென்றால் முதலில் மவுண்டை மாற்றுங்கள் தம்பி. புதுப் பெட்டி வந்தாலும் அதுவரை மாட்டாதீர்கள். கழற்றிய பழைய பெட்டியை எறிந்துவிட வேண்டாம், கீற்று நறுக்க ஆகும்.