கவுன்சில் நேர்காணலுக்குத் துணையாக வர முடியுமா?

லண்டன் உறவுகளே, வாடகை வீட்டை இழக்கும் நிலையிலுள்ள நம் குடும்பங்களுக்காகக் கவுன்சிலில் (உள்ளூராட்சி அலுவலகத்தில்) மொழிபெயர்க்க ஆட்கள் தேவை. பள்ளிப் பிள்ளைகளை அந்த இடத்தில் உட்கார வைப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வருபவர் தெரிந்திருக்க வேண்டியது: இங்கிலாந்தில் 56 நாட்களுக்குள் வீடு போகும் நிலை வந்தாலே, தகுதியுள்ளவருக்கு வீடு போகாமல் தடுக்கக் கவுன்சில் உதவி செய்தாக வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் அது. பலர் கடைசி நாள்வரை காத்திருக்கிறார்கள். அதைவிட மோசம், வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்ததும் சாவியைக் கொடுத்துவிடுவது. 'வேண்டுமென்றே வீடிழந்தவர்' என்று கவுன்சில் எழுதிவிட்டால் நிரந்தர வீடு கிடைப்பது கடினம். ஆலோசனை கேட்காமல் வெளியேற விடாதீர்கள்.

நோட்டீஸ், வாடகை ஒப்பந்தம், விசாச் சான்று, வங்கி விவரம் கையில் இருக்கட்டும். மறுத்தால் முடிவை எழுத்தில் கேளுங்கள். மறுபரிசீலனை கோர 21 நாட்கள்தான்.

வார நாட்களில் வரக்கூடியவர்கள் உங்கள் பகுதியைக் குறிப்பிட்டு உட்பெட்டியில் எழுதுங்கள்.